மூன்று விசிலுக்கு ஒரு பதில்

இது நடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் இதுவரை எழுதி ஒட்டிய எதுவும் நடந்ததில்லை. விடுதிக் கண்காணிப்பாளர் தினமும் சுவரேறிக் குதித்துச் சினிமாவுக்குப் போகிறார் என்று எழுதினேன். பொய். நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது என்று எழுதினேன். அதுவும் பொய்தான். இது மட்டும் பொய்யில்லை. இதில் வரும் நேரம் எல்லாம் என் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தில் நானே பார்த்தது. சந்தேகம் இருப்பவர்கள் என் அத்தானிடம் கேட்கலாம். அவர் பதில் சொல்ல மாட்டார். எழுந்து போய்விடுவார். அவர் எழுந்து போகிற விதத்தைப் பார்த்தால் போதும்.

அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்குவதற்கு ஆட்களைப் பழக்கும் கடை வைத்திருக்கிறார். விடுமுறையில் நான் அங்கே வேலை பார்ப்பேன். 'வேலை பார்க்கிறான்' என்று சொல்வது அக்கா. அத்தான் 'அங்கதான் இருக்கான்' என்பார்.

எனக்கு ஒரே ஒரு பொறுப்புதான். கடலில் தொலைந்து போகிறவர்களுக்கான பை. முங்குகிற ஒவ்வொருவரும் இடுப்பில் ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு விசில் இருக்கும். வெயிலைத் திருப்பியடிக்க உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடி. விட்டு விட்டு மின்னும் விளக்கு. ஊதினால் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆரஞ்சு நிறப் பலூன், அதன் அடியில் நூல் சுற்றிய ரீல். பிறகு சிக்னல் பெட்டி. அதன் ஊசியை இழுத்தால், நாம் மிதக்கிற இடம் படகின் திரையில் ஒரு புள்ளியாக விழும். சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பைகளையும் பிரிக்க வேண்டும். பெட்டியின் பொத்தானை அழுத்தி, பச்சை இரண்டு தடவை மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட வேண்டும். அதன் பிறகுதான் அட்டையில் டிக். பையொன்றுக்குக் கால் மணி நேரம். பன்னிரண்டுக்கு மூன்று மணி நேரம்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

டிக்குகள் அருமையாக வந்திருந்தன. பன்னிரண்டும் ஒரே சாய்வு.

"முடிச்சிட்டியா மச்சான்?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அத்தான்.

"பக்கா, அத்தான்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"ஒவ்வொண்ணா." போனில் படம் பாதியில் நின்றிருந்தது. கதாநாயகன் தொங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அவசரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் விசிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்னச் சின்னதாக மூன்று ஊதினால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அர்த்தம். அதைக் கேட்கிறவர் யாராயிருந்தாலும், கையில் எந்த வேலை இருந்தாலும், நீளமாக ஒன்று ஊத வேண்டும். 'கேட்டது, இரு, வரேன்' என்று அதற்கு அர்த்தம். அத்தான் இதை எங்களுக்குள் எப்படி ஏற்றியிருந்தார் என்றால், தெருவில் போக்குவரத்துக் காவலர் மூன்று விசில் அடித்தாலே எனக்கு உதடு குவியும்.

மறுநாள் ஞாயிறு. படகை ஓட்டியது வழக்கம்போல கேப்டன் அக்கா. என் சொந்த அக்கா இல்லை; கடைப் படகின் கேப்டனை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான்கு வாடிக்கையாளர்களும் இன்னொரு பயிற்சியாளரும் முதலில் குதித்தார்கள். கடைசியாக அத்தானும் நானும். மணி 3:52.

கீழே இருபது மீட்டரில் ஒரு பாறை வரிசை இருக்கிறது. அதன் முனையில் திரும்பியதும் நீரோட்டம் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. எதிர்த்து நீந்திப் பார்த்தோம். சோப்பு தடவிய மாடிப்படியில் ஏறுவது போல இருந்தது. மேலே போய்விடலாம் என்று அத்தான் கட்டைவிரலை மேலே காட்டினார். மேலே வந்தபோது மணி 4:38. மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்தினேன். உடம்பைச் சுற்றி அது உப்பியது. அதற்கப்புறம் அந்தச் சட்டையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

படகு தெரிந்தது. வெகு தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மற்றவர்களின் பலூனைப் பார்த்து கேப்டன் அக்கா அந்தப் பக்கம் போயிருந்தார். அவர்கள் ஒவ்வொருவராக ஏறுவது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஐந்து பேர். நாங்கள் விசில் ஊதினோம். இன்ஜின் சத்தத்தில் அங்கே எதுவும் கேட்டிருக்காது. அத்தான் பலூனை ஊதி நிமிர்த்தினார். படகு ஒரு வட்டம் அடித்தது. பிறகு எங்களைத் தேடிக்கொண்டு எங்களைவிட்டு விலகிப் போனது.

"சரி, பெட்டியை இழு," என்றார் அத்தான். குரலில் பதற்றமே இல்லை.

இழுத்தேன். ஒன்றும் மினுங்கவில்லை.

அத்தான் தன்னுடையதை இழுத்தார். அதுவும் செத்திருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அத்தான்... ஒண்ணு சொல்லணும்."

"இப்பச் சொல்லாத. உன்னை அடிக்கணும்னா நான் பலூனை விடணும்."

அதுதான் அந்தப் பலூனில் உள்ள தொல்லை. ஊதிவிட்டால் அது தானாக நிற்காது. கீழ்நுனியையோ நூலையோ யாராவது கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் தண்ணீர் மேல் படுத்துக்கொள்ளும். படுத்த பலூன் நூறு மீட்டர் தள்ளி இருப்பவனுக்குக்கூடத் தெரியாது. கடலில் ஒரு பலூன் நிமிர்ந்து நிற்கிறது என்றால், அடியில் ஒரு ஆள் இருக்கிறான்.

இதை மறந்துவிடாதீர்கள்.

5:10. கண்ணாடியை எடுத்தேன். சூரியன் மேகத்துக்குள் போயிருந்தது. என் மூஞ்சி மட்டும் தெரிந்தது. பார்க்கும்படி இல்லை.

5:31. விளக்கைப் போட்டோம். நான்கு முறை மின்னியது. ஐந்தாவதுக்கு வரவில்லை. அத்தானுடையது அந்த நான்குகூட மின்னவில்லை.

"பன்னிரண்டும் இப்படித்தானா?" என்றார்.

"தெரியாது அத்தான். பிரிக்கவே இல்ல."

அவர் கை மாற்றிப் பலூனைப் பிடித்துக்கொண்டார். "கடல் நம்மள விட்டாலும் உங்கக்கா விடமாட்டா," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

கரை ஒரு பென்சில் கோடு போல இருந்தது. பிறகு அந்தக் கோடும் அழிந்தது. இருட்டுவதற்குள் படகு பார்க்காவிட்டால் காலையில் எங்களைத் தேடுவார்கள். காலையில் தேடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஏழாம் மாதத்தில் இருக்கிற என் அக்காவிடம் யார் போய் அதைச் சொல்வது என்று யோசித்தேன். வழக்கமாக அப்படிப்பட்ட செய்திக்கு என்னைத்தான் அனுப்புவார்கள்.

5:52. நான் விசிலை எடுத்து மூன்று ஊதினேன். ப்பீ. ப்பீ. ப்பீ.

பதில் வந்தது.

ப்பீ............

நீளமாக ஒன்று. தெளிவாக. எங்களுக்குப் பின்னாலிருந்து.

"அக்கா!" என்று கத்தித் திரும்பினேன். படகு இல்லை. ஆள் இல்லை. வெறும் தண்ணீர், ஈயம் உருக்கி ஊற்றியது போல. அத்தானும் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்து, பாதியில் நின்றது.

"இன்னொரு தடவை ஊது."

ஊதினேன். பதில் வந்தது. இந்தத் தடவை அதன் கடைசியில் ஏதோ களகளவென்று கேட்டது. விசிலுக்குள் தண்ணீர் புகுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

மறுபடி ஊதினேன். மூன்றாவதை நான் ஊதவில்லை. இரண்டாவது முடிந்ததுமே பதில் வந்துவிட்டது.

"போதும், நிறுத்து," என்றார் அத்தான்.

6:03. அதைப் பார்த்தேன்.

ஒரு பலூன். இருநூறு மீட்டர் இருக்கும். நேராக நின்றது. எங்களுடையது போல ஆரஞ்சு இல்லை. ஒரு காலத்தில் ஆரஞ்சாக இருந்து, பல வருட வெயிலில் வெளுத்து, தோல் நிறத்துக்கு வந்திருந்தது.

"அத்தான், நம்ம ஆளுங்கள்ல யாரோ தவறிட்டாங்க."

"அஞ்சு பேரும் ஏறினதை நான் எண்ணினேன்."

"அப்ப வேற கடை ஆளா இருக்கும்."

அவர் பலூனையே பார்த்தார். எங்கள் பலூனை ஒட்டி ஓடும் நுரையைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"மச்சான். நீரோட்டம் நம்மள எந்தப் பக்கம் இழுக்குது?"

"அந்தப் பக்கம்."

"அது எந்தப் பக்கம் வருது?"

எதிர்ப்பக்கம். நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு. சாயாமல், ஆடாமல்... தரையில் நடந்து வருவது போல.

6:14. சூரியன் போய்விட்டது.

6:17. அது ஊதியது.

ப்பீ. ப்பீ. ப்பீ.

'நான் இங்கே இருக்கிறேன்.'

நான் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. விசில் வாயில் இருந்தது. உதடு தானாகக் குவிந்தது.

நீளமாக ஒன்று ஊதினேன்.

அத்தான் பாய்ந்து விசிலை என் வாயிலிருந்து பிடுங்கினார். கயிறு அறுந்தது.

"என்னடா சொன்ன அதுக்கு?"

நான் அறுந்த கயிற்றைப் பார்த்தேன்.

"என்ன சொன்ன?"

"வரேன்னு."

பலூன் வேகமெடுத்தது.

நூறு மீட்டர். ஐம்பது. அதன் முன்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. சத்தமில்லை. இருபது. பத்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் மோதவில்லை. திறந்தேன்.

இரண்டு கை தூரத்தில் நின்றது.

அதன் மேல் சிப்பிகள் ஒட்டியிருந்தன. பழைய ரப்பர் வாடை அடித்தது. காற்றடைத்த தோலை விரலால் தேய்த்தால் வருமே... கிரீச்... அந்தச் சத்தம். காற்றே இல்லாத நேரத்தில்.

கிரீச்...

கிரீச்...

6:25. மறுபடி விசில்.

விசிலுக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்குள் ஊதினால் ஊதாது. பழகுகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அது கீழேயிருந்து வந்தது.

காதில் கேட்கவில்லை. உள்ளங்காலில் கேட்டது.

"அத்தான்..."

"ஷ்ஷ்."

அவர் முகக்கண்ணாடியை இறக்கினார். மூச்சை இழுத்துப் பிடித்தார். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று... இரண்டு... பதினைந்து வரை வந்தேன்.

தலையைத் தூக்கினார்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பலூனுக்கு அடியில யாராவது..."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

எங்கள் பலூனை விட்டுவிட்டார். அது பொத்தென்று படுத்து, மெல்ல விலகிப் போனது. அதைப் பிடித்திருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"காலை ஆட்டாத."

"ஏன்?"

"ஆட்டாதன்னா ஆட்டாத."

6:34.

நான் காலை ஆட்டவில்லை.

6:41. இருட்டு.

பலூன் நின்றுகொண்டே இருந்தது. தெரியவில்லை. கேட்டது.

கிரீச்...

6:50.

அத்தானின் உதடு அசைந்தது. என்னிடம் பேசவில்லை. ஏதோ எண்ணுவது போல இருந்தது. அல்லது யாரிடமோ கெஞ்சுவது போல.

6:58.

கிரீச்...

7:06.

இன்ஜின்.

முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு வெளிச்சம் தண்ணீர் மேல் நீண்டது. தடவிக்கொண்டே வந்தது. அந்த வெளுத்த பலூனில் பட்டு நின்றது. நேராக எங்களை நோக்கித் திரும்பியது.

"அங்கயே இருங்க! பாத்துட்டேன்! பாத்துட்டேன்!" கேப்டன் அக்காவின் குரல். தொண்டை கட்டியிருந்தது. இரண்டேகால் மணி நேரம் கத்தியிருக்கிறார்.

படகு பக்கத்தில் வந்ததும் பலூன் இறங்கத் தொடங்கியது.

சாயவில்லை. காற்று போகவில்லை. நின்றபடியே, லிஃப்ட் இறங்குவது போல, அங்குலம் அங்குலமாகக் கீழே போனது. காற்றடைத்த அந்தப் பலூனை முழுசாக முக்க வேண்டுமென்றால் நான்கு பேர் தொங்க வேண்டும். நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒரு குமிழிகூட வரவில்லை.

கேப்டன் அக்கா பார்த்தார். விளக்கு அவர் கையில்தான் இருந்தது. விளக்கை உடனே திருப்பிவிட்டார்.

"ஏறுங்க. திரும்பிப் பாக்காம ஏறுங்க."

முதுகில் சிலிண்டரோடு ஏணியில் ஏறுவது லேசில்லை. எப்போதும் என்னை இரண்டு பேர் இழுப்பார்கள். அன்று ஒரே மூச்சில் மேலே வந்து விழுந்தேன்.

கரை வரும்வரை ஒரே ஒரு முறைதான் கேப்டன் அக்கா, சுக்கானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க பலூன் எனக்குத் தெரியவே இல்ல. அது நிமிர்ந்து நின்னுச்சு. அதப் பாத்துத்தான் வந்தேன்."

இதோடு முடிந்திருந்தால், கடலில் இரண்டரை மணி நேரம் கிடந்த இரண்டு பேருக்குப் புத்தி பேதலித்தது என்று நானே எழுதி ஒட்டியிருப்பேன். நல்ல நகைச்சுவையாக வந்திருக்கும்.

மறுநாள் காலை 9:15. கடையின் பின்கட்டு. விடியற்காலையிலிருந்து நான் பன்னிரண்டு பைகளையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு பெட்டிகளில் உயிர் இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அத்தான் கதவோரம் ஸ்டூல் போட்டு, நான் குடிக்காமல் ஆறவைத்துவிட்ட டீயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பழுது பார்க்கிற அண்ணன் தொட்டித் தண்ணீரில் மிதவைச் சட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய்வந்த சட்டையைக் காற்றடைத்துத் தொட்டியில் முக்குவார். குமிழி வந்தால் ஓட்டை.

என் சட்டைக்குக் காற்றடித்தார். அது உப்பியது. கொக்கியிலிருந்து எடுப்பதற்குள் சூம்பியது. மறுபடி அடித்து முக்கினார். தொட்டி கொதித்தது.

"இதை எவன்டா போட்டது?" என்று முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தையலோரம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. "பாறையில உரசியிருக்கு."

"நான்தான்."

"இதுல ரெண்டு நிமிஷம் காத்து நிக்காது. மேல வந்ததும் ஈயக் கட்டையெல்லாம் கழட்டிட்டியா?"

கழற்றவில்லை. முங்குவதற்காகக் கட்டிய ஆறு கிலோ ஈயமும் இடுப்பில்தான் இருந்தது. கரைக்கு வந்துதான் கழற்றினேன்.

"ஆறு கிலோவோட, இந்தச் சட்டையில, எவ்வளவு நேரம் மிதந்த?"

"ரெண்டரை மணி நேரம்."

"போடா டேய்," என்று சிரித்தார். "முதலாளி, உங்க மச்சான் நல்லா கதை விடுறான்."

அத்தான் சிரிக்கவில்லை. டீ கிளாஸைத் தரையில் வைத்தார்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல," என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஆமா."

"கை இருந்துச்சு. ரெண்டு கை. உன் காலுக்குக் கீழ. உன் பாதத்தை ஏந்திக்கிட்டு."

அண்ணனின் சிரிப்பு நின்றது.

"கை மட்டுமா, அத்தான்?"

"ஆள். வாயில விசில் வெச்சிருந்தார்."

"ஒருத்தரா?"

அவர் தொட்டியைப் பார்த்தார். குமிழிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

"அவர் நின்னது இன்னொருத்தர் தோள் மேல. அந்த ஆள் இன்னொருத்தர் தோள் மேல. வெளிச்சம் போற ஆழம் வரைக்கும் எண்ணினேன். பதினொண்ணு. அதுக்கப்புறம் இருட்டு... ஆனா அங்கயும் முடியல."

தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"உங்க காலுக்குக் கீழ?" என்று கேட்டேன்.

"என் பக்கம் நான் பாக்கல."

அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். கை சும்மா இருக்க முடியாமல், அடுத்த கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்தார். அத்தானுடையது. காற்றடிக்கும் குழாயை அதில் மாட்டப் போனார்.

"அதை வை," என்றார் அத்தான்.

"பாத்துடலாம் முதலாளி. ஒரு நிமிஷ வேலை."

"வேணாம்."

எட்டு வருடமாக அந்தக் கடையில் எதையும் சோதிக்காமல் விடாத மனிதர். எழுந்து வந்து, சட்டையை அண்ணனின் கையிலிருந்து வாங்கி, அவரே மறுபடி கொக்கியில் மாட்டினார். பிறகு வெளியே போய்விட்டார்.

அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. யாரும் அதற்குக் காற்றடித்துப் பார்க்கவில்லை.